ஜிந்துப்பிட்டி வீடுகளில் ஒலிப்பெட்டி வந்த வரலாறு

கொழும்புத் துறைமுகத்துக்கும் கொட்டாஞ்சேனை மேட்டுக்கும் இடையே, நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு கூப்பிடுதூரத்தில் இருக்க, சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசை காலையும் மாலையும் கேட்க, நெருங்கி அமைந்த வீடுகளோடு விளங்குவது ஜிந்துப்பிட்டி. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், பொற்கொல்லரும், கடைச் சிப்பந்திகளும், தமிழகத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இந்த வீதியில், ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளே மிகுதி. பகலில் விருந்தினருக்கும், மாலையில் பிள்ளைகளின் படிப்புக்கும், இரவில் எல்லாருடைய நித்திரைக்கும் பயன்படுகின்ற பத்தடிச் சதுர முன்னறை ஒன்றே அவற்றுட் பலவற்றின் பிரதான ஸ்தானம். அந்த முன்னறைக்குள் பாட்டும் பேச்சும் யந்திரத்தின் மூலமாக எவ்வாறு வந்து குடியேறின என்னும் விருத்தாந்தத்தை, இன்று அதே அறையைச் சிறு திரையரங்காக்கிக்கொள்ள விரும்பிக் குறைந்த கிரயத்தில் நல்ல ஒலிப்பெட்டி தேடுகின்றவர்கள் அறிந்திருப்பது மிகவும் பிரயோசனமானது என்பது என் அபிப்பிராயம்.

யந்திரம் வருவதற்கு முன்பே இங்கே காதுகள் பழகியிருந்தன. மருதானையில் டவர் மண்டபம் 1911 இல் எழுவதற்கு முன்னரே ஜிந்துப்பிட்டியில் நாடகக் கொட்டகை இருந்தது. சிங்கள நூர்த்தி நாடகங்களும், கடல் கடந்து வந்த தமிழ்க் கம்பெனிகளின் நாடகங்களும் கொழும்பின் இத்தகைய கொட்டகைகளில் மாறி மாறி மேடையேறின. 1891 இல் சென்னையில் தோன்றிய சுகுண விலாஸ சபையினர் பம்மல் சம்பந்த முதலியாரோடு கொழும்புக்கு வந்து நடித்தார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒருவரையொருவர் எதிர்கொண்டு பாடி நடித்ததும், அடுத்த ஆண்டில் மணம் புரிந்துகொள்ளக் காரணமான நட்பு முளைத்ததும் 1926 இல் இதே நகரத்து மேடையில்தான். ஒலிவாங்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த தொழிலாளியின் செவிக்கும் பாட்டின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகச் சென்று சேர வேண்டும் என்பதே பாடகனுக்கு விதிக்கப்பட்ட பரீட்சை. சுருதி எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும், சாகித்தியம் விளங்காவிட்டால் சபை அதைப் பொறுக்காது. எழுத்துகள் நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் பிறந்து நாவாலும் இதழாலும் உருப்பெறும் வகையைச் சொல்வதற்குத் தொல்காப்பியர் தனியே ஓர் இயல் வகுத்த மொழி நம்முடையது. அந்த மொழியைக் கேட்பவன் வல்லின மெய்கள் மழுங்குவதைச் சகிப்பதில்லை.

அதன்பின் கிராமபோன் வந்தது. செல்வர் வீட்டுப் பொருளாக வந்த அது, தேநீர்க் கடைகளிலும் சலூன்களிலும் இடம்பிடித்து எளியவர்களுக்கும் எட்டியது. கைப்பிடியைச் சுழற்றி வில்லை முறுக்கி, அரக்குத் தட்டின் விளிம்பில் எஃகு ஊசியை மெதுவாக இறக்கியவுடன், முதலில் பொரிவது போன்ற ஒரு சரசரப்பும், அதனிடையே ஆர்மோனியமும், பிறகு குரலும் எழும். நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊசியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தட்டின் பள்ளங்கள் தேய்ந்து குரல் கரகரக்கும். மின்சாரமே இல்லாமல், ஊசியின் அதிர்வை ஒரு மெல்லிய தகடு வாங்கிப் பித்தளைக் குழாயின் வழியே பெருக்கித் தந்த அந்த யந்திரம், மத்தளத்தின் ஆழ்ந்த நாதத்தை ஒருபோதும் தந்ததில்லை. எனினும் மனிதக் குரலுக்கு உரிய நடுத்தர சுருதிகளை அது நேர்மையாகத் தந்தது. ஆகவே பாட்டின் சொல் விளங்கியது. சொல் விளங்கியதால் கேட்டவர்கள் மனனம் செய்தார்கள்.

வானொலியின் கதை இலங்கைக்கே பெருமை தருவது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளராகிய எட்வர்ட் ஹார்ப்பர், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து கைப்பற்றப்பட்ட கருவிகளின் உதவியோடு, மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் சங்கீதத்தை ஆகாயத்தில் அனுப்பிச் சோதித்தார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. யுத்த காலத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமையின் தேவைக்காக அமைக்கப்பட்ட ஆற்றல் மிகுந்த சிற்றலை நிலையம் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்து 1949 இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. அடுத்த ஆண்டில் அதன் வர்த்தக சேவை பிறந்தது. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போன வேளையில், கொழும்பின் ஒலிபரப்பே தமிழகத்து வீடுகளுக்கும் பாட்டைக் கொண்டு சேர்த்தது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனுடைய குரல் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வீட்டுக்குரல் ஆனது.

ஜிந்துப்பிட்டியின் முன்னறையிலே இந்தக் குரல் ஒலித்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சுவரில் அடித்த பலகைத் தட்டில், பின்னல் வேலை செய்த துணியால் மூடப்பட்டு, கூரைமேல் இழுத்துக் கட்டிய செப்புக் கம்பியோடு இணைந்து, வால்வு சூடேறும் வரையில் மௌனமாக இருந்து, பிறகு மஞ்சள் வெளிச்சத்தோடு பேசத் தொடங்கும் அந்த மரப்பெட்டிக்கு இருந்தது ஒரேயொரு ஒலிபெருக்கிதான். அதை வைத்திருக்க ஆண்டுதோறும் அரசாங்க அனுமதிப் பத்திரம் பெற வேண்டும். அதை வாங்கச் சீட்டுப் பிடித்த குடும்பங்களும், கட்டுக்காசு முறையில் மாதா மாதம் செலுத்திய குடும்பங்களும் உண்டு. வாசலில் அயலவர் வந்து நிற்க, ஒரு பெட்டி பத்து வீட்டுக்குப் பாடியது. காகிதக் கூம்பும், அதற்கேற்ற அளவுள்ள மரக்கூடும், காது உயரத்துக்குச் சற்று மேலே நிலைத்த இடமும் சேர்ந்து, அறிவிப்பாளர் உச்சரித்த ஒவ்வொரு பெயரையும் பிழையின்றிக் கொண்டுவந்தன. சிறிய அறைக்கு ஒலிப்பெட்டி வைக்கும் சாஸ்திரத்தில் பாதி அந்தப் பலகைத் தட்டிலேயே இருந்தது என்று நான் கருதுகிறேன்.

பேசும் படம் வேறொரு ஆசையை வளர்த்தது. 1931 இல் தமிழில் காளிதாஸ் வெளிவந்தது. 1947 இல் வெளியான முதற் சிங்களப் பேசும் படமாகிய கடவுனு பொறொந்துவவை எஸ். எம். நாயகம் என்னும் தமிழரே தயாரித்தார். கொழும்பின் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரையரங்குகளாயின; ஜிந்துப்பிட்டிக்கும் முருகன் தியேட்டர் வாய்த்தது. திரைக்குப் பின்னே நின்ற பெரிய பெட்டிகளிலிருந்து எழுந்த குரல், படத்தில் உதடு அசைகின்ற இடத்திலிருந்தே வருவதாகத் தோன்றியமையால், அந்த மாயம் பார்ப்பவன் மனத்தை முழுவதும் பற்றிக்கொண்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை அன்று முதல் இந்த வீதியை விட்டு நீங்கவில்லை.

1970 முதல் 1977 வரை அந்நியப் பொருள்கள் அரிதாக இருந்த வருஷங்களில் பழைய பெட்டிகளைப் பழுதுபார்த்தவர்களே தெருவின் வித்துவான்கள். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் ஊர் திரும்பியதும், ஒலிநாடாக் கருவி வீட்டுக்கு வீடு வந்தது. 1979 இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கின. வீடியோ டெக்கை ஓரிரவு வாடகைக்கு எடுத்து, முன்னறையில் ஐம்பது பேர் நெருங்கி அமர்ந்து, தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்த முட்டை வடிவான சிறு ஒலிபெருக்கி ஒன்றின் வழியே முழுப் படத்தையும் கேட்டார்கள். 1983 ஜூலை வன்செயலில் கொழும்புத் தமிழ் வீடுகள் எத்தனையோ சூறையாடப்பட்டன; படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை ஸ்டூடியோவும் தீக்கிரையாயிற்று. அரும்பாடுபட்டுச் சேர்த்த பெட்டியை ஒரு நாளில் இழந்து, மீண்டும் முதலிலிருந்து காசு சேர்த்து வாங்கியவர்கள் இந்த நகரத்தில் வாழ்கிறார்கள். ஒலிப்பெட்டி அவர்களுக்கு ஆடம்பரம் அன்று; வீடு மறுபடியும் வீடாயிற்று என்பதற்கு அடையாளம்.

பின்னர் திரையரங்கின் ஒலி பல திசைகளாகப் பிரிந்தது. 1986 இல் மாவீரன் 70 மில்லிமீற்றர்ப் படமாக ஆறு தடத்து ஒலியோடு வந்தது. 1995 இல் குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ முறையைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. இடம், நடு, வலம் என மூன்றும், பக்கங்களிலோ பின்புறத்திலோ இரண்டும், தாழ்ந்த நாதத்துக்கு மட்டும் ஒன்றுமாக ஐந்து புள்ளி ஒன்று என்று வழங்கும் அமைப்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் ஹோம் தியேட்டர் என்னும் பெயரோடு அட்டைப்பெட்டியில் அடுக்கப்பட்டது. அந்த அட்டையின்மேல் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்; பக்கத்திலே பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்துகள் சிறிதாக நிற்கும். கணநேர உச்சத்தை ஏதேதோ முறையிற் கணக்கிட்டுச் சொல்லும் அந்த எண்ணைக் கொண்டு எதையும் நிச்சயிக்க இயலாது. கருவியைத் திருப்பி, மின்கம்பி நுழையும் இடத்தருகே ஒட்டியுள்ள சிறிய தகட்டைப் படித்தால், அது மின்சாரத்தில் உண்மையாகவே எத்தனை வாட் எடுக்கிறது என்பது தெரியும். நாற்பது வாட் எடுக்கும் பெட்டி தொடர்ச்சியாக நாற்பதுக்கு மேல் தர முடியாது என்பது சாதாரண நியாயம்.

பத்தடி அறைக்கு அந்த நாற்பதும் அதிகம். சாமானியமான ஒலிபெருக்கி ஒன்று ஒரே வாட்டில், ஒரு மீற்றர் தூரத்தில், ஏறக்குறைய 85 டெசிபெல் ஒலிக்கிறது. நாம் உரையாடும் குரல் சுமார் 60. வலுவை இரட்டித்தாலும் மூன்று டெசிபெல்லே கூடும் என்பதனால், வாட்டுக்காகக் கொடுக்கும் காசு வீணாகிறது. அதைவிட முக்கியமானது அறையின் வடிவம். பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே, வினாடிக்கு ஏறக்குறைய 56 அதிர்வுள்ள தாழ்ந்த நாதம் சிக்கி நின்று தானே பெருகும். நீளமும் அகலமும் சமமாக இருந்தால் அந்தப் பெருக்கம் இருமடங்காகி, முழக்கம் வசனத்தை விழுங்கிவிடும். மூலையில் வைத்த பெரிய முழக்கப் பெட்டி இதை மேலும் மோசமாக்குகிறது. தவிரவும், பகிர்ந்துகொண்ட சுவர் வசனத்தை ஓரளவு தடுத்தாலும் ஆழ்ந்த நாதத்தைத் தடுப்பதில்லை. இரவு வேலை முடிந்து வந்து மறுபுறம் உறங்குகின்ற துறைமுகத் தொழிலாளிக்கு நம் படத்தின் சண்டைக்காட்சி மார்பில் இடிக்கும்.

ஆகவே பணம் குறைவாயிருக்கும்போது, முதலில் நல்ல இரண்டு ஒலிபெருக்கிகளையும் அவற்றுக்குத் தகுந்த ஒரு பெருக்கியையும் வாங்குவதே உத்தமம் என்பேன். திரைக்கு இருபுறமும், அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில், சுவரிலிருந்து சாண் இரண்டு முன்னே இழுத்து வைத்தால், இரண்டுக்கும் நடுவிலே உள்ள வெற்றிடத்திலிருந்து குரல் எழுவதாகத் தோன்றும். அன்று கொட்டகைத் திரைக்குப் பின்னிருந்து வந்த மாயம் அதுவே. மேலும் காசு சேரும்போது நடுப்பெட்டி. படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியே வருகிறபடியால் அதன் பயன் கண்கூடு. பின்புறப் பெட்டிகளை நான் கடைசியிலேயே வைப்பேன். நம் முன்னறைகளில் இருக்கை பின்சுவரை ஒட்டியே இருக்கிறது, அங்கே அவற்றை வைத்தால் காதருகே இரைச்சலாகும். சுவரைத் தணிக்கத் தனிச் செலவு வேண்டுவதில்லை: தரையில் பாய், சன்னலில் கனத்த திரைச்சீலை, பக்கச் சுவரில் புத்தக அலுமாரி ஆகியவை இருந்தால் மேற்சுருதியின் எதிரொலி பெரிதும் அடங்கும்.

2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2022 இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய வீழ்ச்சியும் புதுப் பெட்டியை மறுபடியும் எட்டாத் தூரத்துக்குக் கொண்டுபோயின. பாவித்த பொருளை வாங்குவதில் இழிவு எதுவும் இல்லை. மரக்கூடு உறுதியாகவும், கூம்பின் விளிம்பு கிழியாமலும் இருக்கின்ற பழைய ஒலிபெருக்கி, மெல்லிய பிளாஸ்டிக்கால் செய்த புதியதைவிடப் பெரும்பாலும் நன்றாகவே ஒலிக்கும். விரலால் கூம்பை மெல்ல அழுத்தி, உள்ளே உரசும் ஓசை வருகிறதா என்று பார்த்தால் போதும்.

கடைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்காரர் போடும் வெடியோசைப் படத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் தாயாருக்கு மனப்பாடமான பழைய பாட்டு ஒன்றையும், வசனம் மிகுந்த படம் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஒலியை மிகவும் தாழ்த்தி வைத்து, ஆறடி தள்ளி நின்று, ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா என்று கேளுங்கள். கூடுமானால் தாயாரையே அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள்; வானொலிக் காலத்திலிருந்து பழகிவந்த செவி அது.