ஒரு மில்லி

என் ஆர்எக்ஸ் 100 பைக்கின் பழைய சிலிண்டர் பிளாக் பரணில் ஒரு உரச்சாக்குக்குள் கிடக்கிறது. வெளியே அலுமினியத் தகடுகள், உள்ளே வார்ப்பிரும்பு ஸ்லீவ். உள்ளே விரல் விட்டுத் தடவினால் புகை வெளியேறும் வாசலான எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் உதடு தட்டுப்படும். யமஹாக்காரன் வைத்த இடத்தைவிட அது ஒரு மில்லி மேலே இருக்கிறது. ஏற்றச் சொன்னது நான்தான்.

1985-இல் எஸ்கார்ட்ஸ் இங்கே கொண்டுவந்து 1996-இல் நிறுத்திய வண்டி அது. போர் 50 மில்லி, ஸ்ட்ரோக்கும் 50; 98 சிசி, 7500 சுற்றில் 11 குதிரைத்திறன். நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து சுரங்கத்துக்கு ஷிஃப்ட் போய்வந்த ஒருவரிடம் வாங்கினேன். வரும்போதே 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன்.

அந்த யமஹாவின் பூர்வீகம் பின்னாளில் கிழக்கு ஜெர்மனிக்குள் போன சோப்பாவ். அந்த ஊர் டிகேடபிள்யூ ஆர்டி 125-ஐப் பார்த்துத்தான் யமஹா 1955-இல் தன் முதல் வண்டியான ஒய்ஏ-1-ஐச் செய்தது. போர்ட்டைத் தேய்க்கும் கலைக்கும் அதே ஊரோடு உறவு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலை எம்இசட் ஆனது. வால்டர் காடன் என்ற பொறியாளர் அங்கே புகையின் நடையை ஆராய்ந்தார். டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்டுக்குத் தனி வால்வு இல்லை, பிஸ்டனின் பக்கச் சுவரே வாசலைத் திறக்கிறது, மூடுகிறது. வெளியேறும் புகையின் அழுத்த அலை, வயிறு பெருத்த சைலன்சரில் மோதித் திரும்பி, தப்பி ஓடும் புதுக் கலவையை உள்ளே தள்ளிவிடும். இதை வைத்தே 1961-இல் 125 சிசியில் 25 குதிரைத்திறன் அளவுக்கு எடுத்தார். அந்தச் செப்டம்பரில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பி, சூட்சுமத்தைச் சுசுகிக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம்.  

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுப் பக்கம் இருந்த பட்டறைக்குப் பிளாக்கை நான் தூக்கிப்போனது மண் பந்தய ஆசையில். பட்டறைக்கார அண்ணன் ஒரு தாளைச் சுருட்டி ஸ்லீவுக்குள் விட்டு, கிரீஸ் விரலால் போர்ட்டின் விளிம்பை அழுத்தித் தேய்த்தார். தாளில் கறுப்பாக ஒரு வாய் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பாகைமானியை மேக்னெட்டில் ஒட்டிவைத்து எண்ணினார். "ஒரு மில்லி ஏத்துனா நாலரை டிகிரி அதிகமா தொறந்திருக்கும் தம்பி. அதுக்கு மேல கேக்காதீங்க." ரீட் வால்வு இருப்பதால் இன்டேக் பக்கம் கணக்கு அவ்வளவு கறார் இல்லை. வார்ப்புப் பிசிறை நீவி, கேஸ்கட்டோடு விளிம்பைச் சேர்த்ததோடு சரி. எக்ஸாஸ்டுக்குத்தான் ஒரு மதியம் முழுக்கப் போனது. ஹேண்ட் கிரைண்டரை இரண்டு நொடி வைப்பார், எடுத்துத் தாளோடு ஒப்பிடுவார்.

நான் கேட்டேன். "அகலத்தையும் கொஞ்சம்..."

"ரிங்கு வாசல்ல பிதுங்கும் தம்பி. தேச்ச இரும்ப திருப்பி ஒட்ட முடியாது."

அடம் பிடித்தேன். கொஞ்சம் விரித்துத் தந்தார்.

ஏழாயிரம் சுற்றைத் தாண்டினால் வண்டி பேய். அதற்குக் கீழே செத்த பாம்பு. அரவைக் காலத்தில் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால், அரைக் கிளட்சில், பிளக் கரி பிடிக்க ஊர்ந்தது என் பந்தயக் குதிரை. மண் பந்தயத்துக்கு நான் போகவே இல்லை. முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் பார்த்தேன். இழுவை கொஞ்சம் வந்தது, ஓட்டம் அவ்வளவு குறைந்தது. பிறகு ஒருநாள் வெள்ளாற்றுப் பாலத்தில் 'டிக்' என்றொரு சத்தம். பிதுங்கிய ரிங் போர்ட் விளிம்பில் மாட்டி ஒடிந்திருந்தது. பிஸ்டன் தலையில் நகக்கீறல் போல் கோடுகள், ஸ்லீவில் ஆழமாக ஒரு தடம். தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டீ சொன்னார்.

வேறொரு பழைய பிளாக்கைத் தேடிப் பிடித்து ஸ்டாண்டர்டாகவே மாட்டிக்கொண்டேன். கிரீஸ் தாள் பட்டறைச் சுவரிலேயே ஆணியில் தொங்கியது. அதற்கப்புறம் போர்ட்டிங் கேட்டு வந்த பையன்களிடம் அதைக் காட்டி அண்ணன் ஒன்றே ஒன்று கேட்பார்:

"மில்லு ரோட்டுல ஓட்டவா, மண்ணுல ஓட்டவா?"