வீட்டிலிருக்கும் ஸ்பானியச் சொற்கள்



குடியாத்தத்தில், கௌண்டன்ய ஆற்றை ஒட்டிய தெருவொன்றில், ஒரு வீட்டை மனக்கண்ணால் காணுங்கள். முன்கூடத்தில் கைலி நெய்யும் தறி, உள்ளே ஒரு மேசை, மேசையின்மேல் சாவிக்கொத்து, சுவரோரம் ஓர் அலமாரி, ஜன்னற் கம்பியில் உலரும் துவாலை, ஆணியில் தொங்குவது பொத்தான் அறுந்த சட்டை. அவ்வீட்டு இளைஞன் பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ உள்ள தோல் ஏற்றுமதிக் கூடமொன்றில் வேலை பெற விரும்புகிறான். நம் தோலையும் காலணியையும் வாங்கும் நாடுகளுள் ஸ்பெயினும் ஒன்று. ஆதலின் அந்நாட்டு மொழியிற் சில சொற்களேனும் கற்றுக்கொள்வோம் என்று புத்தகத்தைத் திறக்கின்றான். திறந்தவுடன், "இதில் ஒரு சொல்லும் நான் அறியாதது" என்று மூடி வைத்துவிடுகின்றான்.

அவன் கூற்று உண்மையன்று. அவன் கையூன்றியிருந்த மேசையே ஸ்பானியத்தில் 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. பொத்தான் 'போத்தோன்'. துவாலை 'தொவாயா'. காலுக்கு அணியும் சப்பாத்து 'சப்பாத்தோ'. தோற்பதனிடும் ஊர்ப் பிள்ளை ஒருவன் முதலிற் கற்க வேண்டிய சொல் அவன் பாட்டன் காலத்துத் தமிழிலேயே இருந்தது என்றால், வியப்பன்றோ?

இச்சொற்கள் நம்மிடம் வந்த வழி யாது? ஸ்பானியர் நேரே கொண்டுவந்து தந்தனர் அல்லர். தந்தவர் போர்த்துகீசியர். 1498-ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டருகே கரையிறங்கிய பின்னர், அவர்தம் கப்பல்கள் முத்துக்குளித்துறையையும் நாகப்பட்டினத்தையும் சாந்தோமையும் நாடி வந்தன. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரு தாய் ஈன்ற உடன்பிறப்புகள். தமிழும் மலையாளமும் போல என்று சொல்லலாம். ஒன்றைக் கேட்டவன் மற்றொன்றைப் பாதியேனும் உணர்வான். அன்றியும், 1580 முதல் 1640 வரை போர்த்துகல் நாடே ஸ்பானிய அரசரின் முடியின்கீழ் இருந்தது. அவ்வறுபது ஆண்டுகள் நம் கடற்கரைக் கோட்டைகளில் இருந்தோர் மாட்ரிட் நகரத்து மன்னரின் பெயரால் ஆணையிட்டனர்.

இவ்வரவு இனிய விருந்தாகவே அமைந்தது என்று சொல்வதற்கில்லை. பீரங்கியும் வந்தது, முத்துத் தொழிலின்மேல் அதிகாரமும் வந்தது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர், தம்மை நெருக்கியவரிடமிருந்து காப்பு வேண்டிப் போர்த்துகீசியரை நாடினர்; ஞானமுழுக்கும் பெற்றனர். 1542-இல் அவர்களிடையே வந்து சேர்ந்தவர் பிரான்சிஸ் சவேரியார். இன்றைய ஸ்பெயினின் வடபகுதியாகிய நவார்ரேயில் 1506-இல் பிறந்தவர் அவர். தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர். இரு மொழியும் தெரிந்த உள்ளூரார் சிலரைத் துணைக்கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை நெட்டுருச் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்றார். இன்று குடியாத்தத்து இளைஞன் ஸ்பானியத்தின் முன் நிற்பது போலவே அன்று அவர் தமிழின் முன் நின்றார்.

நெட்டுருப் போதாது என்று உணர்ந்தவர் அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார். இலக்கணம் வகுத்துக்கொண்டு முறையாகக் கற்றார். இதற்கிடையில் 1554-இல், லிஸ்பன் நகரில், ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில். அவற்றிற்குரிய போர்த்துகீசியம் உடன். மறைநூலாயினும் மொழி கற்பார்க்கு அரிச்சுவடியாகவும் உதவக்கூடிய நூல் அது. அதனை ஆக்கியவர்களுள் நம் கடற்கரையிலிருந்து சென்றோரும் இருந்தனர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அதற்கு முந்திய ஆண்டில் கோவாவில் தமிழ் அச்செழுத்து வார்த்தவர் கொன்சால்வஸ் என்னும் ஸ்பானியர். ஆகவே, ஸ்பானியர் சொல்லை நேரே தராவிடினும், நம் சொல்லை அச்சிலேற்றுவதற்குக் கை கொடுத்திருக்கின்றனர்.

இனிச் சொற்களுக்கு வருவோம். உடன்பிறந்தார் என்றாலும் முகச்சாயல் எல்லா இடத்தும் ஒன்றாயிராது. 'சாவி' போர்த்துகீசியரின் 'சாவே' என்பதிலிருந்து வந்தது. ஸ்பானியத்தில் அதுவே 'யாவே'. இரண்டும் ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஒன்று சகரமாயிற்று, மற்றொன்று யகரமாயிற்று. ஜன்னலின் கதை வேறு. போர்த்துகீசிய 'ஜனேலா' சிறு வாயில் என்னும் பொருளது. ஸ்பானியன் அதனை 'வெந்தானா' என்பான். காற்று என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. இங்கே சற்று நிற்கத் தோன்றுகிறது. சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. பூம்புகாரில் இருந்தவனும் ஸ்பெயினில் இருந்தவனும் ஒருவரையொருவர் அறியாமலே சுவரிலுள்ள துளையைக் காற்றைக் கொண்டே பெயரிட்டிருக்கின்றனர்.

ஜன்னலை விலக்கிச் சாளரம் என்போம், சாவியை விலக்கித் திறவுகோல் என்போம் என்று சொல்வார் உளர். சாளரமும் திறவுகோலும் நல்ல சொற்களே. நானும் எழுத்தில் அவற்றை விரும்புகின்றேன். எனினும் சாவி என்னும் சொல்லை விலக்குமுன், அது நானூறு ஆண்டு நம் இடுப்பில் செருகியிருந்த வரலாற்றை அறிந்து விலக்குவது நன்று.

யாழ்ப்பாணத்தார் ரொட்டியைப் 'பாண்' என்பர். ஸ்பானியத்தில் அது 'பான்'. கடை மாற்றிக் கேட்டாலும் பொருள் கிடைத்துவிடும்.

தோல் வட்டாரத்திற்கே உரிய மற்றொரு வழியும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் உருது பேசும் குடும்பங்கள் பல. அரபியர் 711 முதல் ஸ்பெயினில் ஆட்சி செலுத்தினர். கிரானடா 1492-இல் வீழும் வரை அவ்வாட்சி ஏதோ ஒரு பகுதியில் நீடித்தது. அதனால் ஸ்பானியத்தில் அரபுச் சொற்கள் மிகப் பல. ஆட்டுத்தோலுக்குப் பெயர்பெற்ற கோர்தொபா நகரம் அவர்கள் தலைநகராக விளங்கியது. அந்நகரத்துத் தோலின் பெயரே ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் செருப்புத் தைப்பவரின் பெயராயிற்று. ஆட்டுத்தோல் வகையொன்றை ஸ்பானியர் 'பதானா' என்பது அரபிலிருந்து பெற்றதே. உருது பேசும் மாணவனுக்குச் சட்டை 'கமீஸ்'; ஸ்பானியனுக்குக் 'கமீசா'. இவனுக்குச் சோப்பு 'சாபூன்', அவனுக்கு 'ஹபோன்'. தமிழ் மாணவன் கடல் வழியாக உறவு கொண்டாடினால், அடுத்த பலகையில் இருக்கும் உருது மாணவன் தரை வழியாகக் கொண்டாடலாம்.

கொடுத்ததும் நாம் உண்டு. ஆரஞ்சுப் பழத்தை ஸ்பானியர் 'நரான்ஹா' என்பர். அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கிச் சென்றால் அச்சொல் நம் நாரத்தையின் இனத்தைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. சர்க்கரை 'அசூகர்' ஆயிற்று. இவ்விரண்டும் இங்கிருந்து மேற்கே நடந்தவை.

ஒலியிலும் நமக்கு வசதி உண்டு. ஸ்பானியத்தின் உயிரொலி ஐந்தே. அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலம் போல எழுத்தொன்று ஒலி வேறொன்று என்ற தொல்லை குறைவு. நெளிகோடு தாங்கிய னகரத்தை ஆங்கில மாணவன் பாடுபட்டுப் பழகுவான். நமக்கோ ஞகரம் காத்திருக்கிறது. 'எஸ்பாஞா' என்று சொல்லிவிடலாம். 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என வல்லினமாக நாவை உருட்டினால் நாய். மரம், மறம் என்று வேறுபடுத்தப் பள்ளியில் கற்றவர்க்கு இது கடினமன்று. பேச்சில் அவ்வேறுபாட்டைக் கைவிட்டவர்க்கோ நாய் வாக்கியத்தின் நடுவே புகுந்துவிடும். தொல்லை ஒன்றுண்டு. நாம் மேசையை அஃறிணை என்று ஒதுக்கி விடுகிறோம். ஸ்பானியத்திலோ மேசை பெண்பால், சப்பாத்து ஆண்பால். ஆகவே சொல்லைத் தனியே கற்காமல் 'லா மேசா', 'எல் சப்பாத்தோ' என அடையோடு சேர்த்தே கற்க வேண்டும்.

ஆயிரம் சொற்களை அகரவரிசையில் உருப்போடுவதை நான் பரிந்துரையேன். முதல் வாரம் மேற்சொன்ன உறவுச் சொற்களைப் பொருள்களின்மேலே சீட்டெழுதி ஒட்டுங்கள். அடுத்த வாரம் உறவில்லாத அன்றாடச் சொற்கள்: நீர் 'அகுவா', பால் 'லேச்சே', உப்பு 'சால்', வீடு 'காசா', கை 'மானோ', நூல் 'லிப்ரோ', பதனிட்ட தோல் 'குயேரோ'. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள ஒரு மொழியின் கதவு இச்சிறு கொத்தாலேயே சற்றுத் திறக்கும்.

1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில், அந்தாம் தெ ப்ரொயென்சா அடிகளார் தொகுத்த தமிழ் போர்த்துகீசிய அகராதி அச்சாயிற்று. நெடுங்காலம் மறைந்திருந்த அந்நூலின் படியொன்றை வத்திக்கான் நூலகத்தில் கண்டவர் தனிநாயக அடிகள். அதன் நிழற்பதிப்பு 1966-இல் வெளிவந்தது. நூலகத்தில் எங்கேனும் அது கிடைக்குமாயின் எடுத்துப் பாருங்கள். தமிழ் கற்க வந்த அயலார்க்காகச் செய்யப்பட்ட நூல் அது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படித்தால் நமக்கும் பயன்படும்.