செம்பரம்பாக்கம் எத்தனை அடி?

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னை கோட்டூர்புரத்தில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. அதன் உபரிநீர் அடையாறு வழியாக எங்கள் பக்கம்தான் வரும். இருபத்திரண்டைத் தொட்டது என்று செய்தி வந்தால் தரைத்தள வீடுகளில் அன்றிரவு விளக்கு அணையாது. ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மார்க்‌ஷீட் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். "தூறலுக்கே இவ்வளவு பயமா?" என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. இந்தப் பயத்துக்கு வயது ஏறக்குறைய ஐம்பது.

1976 நவம்பரில் அடையாறு கரை மீறியபோது வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறியது. 1985-லும் 2005-லும் மறுபடி வெள்ளம். ஒவ்வொரு முறையும் வீட்டைக் கழுவி, பாயை வெயிலில் போட்டு, பிழைப்பைப் பார்க்கக் கிளம்பினோம். 2015 டிசம்பர் 1-க்குப் பிறகு அப்படிக் கிளம்ப முடியவில்லை. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரி குளமெல்லாம் தளும்பி நின்றன. அன்று ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். வழியிலிருந்த ஏரிகளின் உபரிநீரும் ஆற்றில் சேர்ந்தது. இரவில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. தண்ணீர் இன்னும் எவ்வளவு ஏறும் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் இங்கே டீச்சராக இருந்தவள் நான். ஒரே தண்ணீர்தான் எல்லார் வீட்டிலும் புகுந்தது. பயம் எல்லாரிடமும் ஒரே அளவில் தங்கவில்லை. உயிர் போய்விடும் என்று இருட்டில் நின்றவர்களிடம் ஆழமாகத் தங்கியது. இயல்பிலேயே கவலைப்படுகிறவர்கள், குடும்பத்தில் பதற்ற நோய் உள்ளவர்கள், முன்பே ஒரு பேரிழப்பைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தவித்தார்கள். படுக்கையில் கிடந்த மாமியாரையும் கைக்குழந்தையையும் ஒருசேரக் காப்பாற்றவேண்டியிருந்த பெண்களுக்கு அதற்கப்புறம் தூக்கமே சரியில்லை. கந்துவட்டிக்கு வாங்கி ஃப்ரிட்ஜும் கட்டிலும் திரும்பச் சேர்த்தவர்களுக்கு ஒவ்வொரு கார்த்திகையும் கடனின் பயத்தோடுதான் வருகிறது.

வீட்டோடு ஊரையும் இழந்தவர்களின் நிலை இன்னும் கொடுமை. ஆற்றோரக் குடிசைகளில் இருந்த பல குடும்பங்களைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அடையாறிலும் மந்தைவெளியிலும் வீட்டுவேலை செய்தவர்களுக்கு வேலை இங்கே, வீடு அங்கே என்றாயிற்று. அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓடிவரும் பக்கத்துவீட்டு அக்கா வேறு பிளாக்கில். போன இடமும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கேயும் வெள்ளம் சூழ்ந்தது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது அங்கே இருக்கிறாள். "டீச்சர், வானம் கருத்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்கிறாள். அவளைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பார்க்கவேண்டும். 14416-க்கு போன் செய்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். பேச்சும் மருந்தும் பலருக்கு உதவும். ஆனால் மதகைத் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே தெருத்தெருவாகச் சொல்வதும், பிழைப்புக்குப் பக்கத்திலேயே மேடான இடத்தில் வீடு கொடுப்பதும் இந்தப் பயத்துக்கான வைத்தியம்தான். அதைச் செய்யவேண்டியது அரசு.