நிலாவெளிக் கரையும் புறாத்தீவும்

ஈழத்தின் கீழைக் கடலோரத்திலே, திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் அமைந்திருப்பது நிலாவெளி. நிலவொளி பரந்து விரியும் வெளி என்று இப்பெயருக்குப் பொருள் கொள்வர். முழுமதி நாளிலே அம்மணற்பரப்பைக் கண்டோர்க்கு அப்பொருள் விளக்க வேண்டியதில்லை.

திருகோணமலையின் வரலாறு பெரிதும் அதன் துறைமுகத்தின் வரலாறேயாகும். ஆழமும் அரணும் பொருந்திய அத்துறையை நாடிப் போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1942 ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் அத்துறையை முன்னிட்டேயாம். நிலாவெளிக்கோ அத்தகைய துறை இல்லை. திறந்த கடலை நோக்கி நீண்டு கிடக்கும் வெண்மணலே அதன் செல்வம். கப்பற்படைகள் தேடும் அரண் அங்கு இல்லாமையே அக்கரைக்கு அரணாயிற்று. கரைவலை இழுப்போரின் குரலும் அலையோசையுமே அதன் நெடுங்கால இசையாயின.

எனினும், பீரங்கியின் ஓசை அக்கரையை முற்றாக விட்டுவிடவில்லை. கரைக்கு அப்பால் ஒரு கிலோமீற்றர் அளவிலே இரு சிறு தீவுகள் உள. பாறைகளிலே கூடு கட்டும் மாடப்புறாக்களாற் புறாத்தீவு எனப் பெயர் பெற்ற அவ்விடத்தை ஆங்கிலேயர் சுடுபயிற்சிக்கு இலக்காக்கினர். குண்டுகளுக்கு இலக்கான அதே இடம் 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

1983 முதல் 2009 வரை நீடித்த போர் அக்கரையை வெறிச்சோடச் செய்தது. அதனிடையே, 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை உயிர்களையும் மனைகளையும் வள்ளங்களையும் வாரிச் சென்றது. அமைதி என்னுஞ் சொல்லின் விலையை அக்கரை மக்கள் நன்கு அறிவர்.

போர் ஓய்ந்தபின் உல்லாசப் பயணிகள் மீண்டும் வரலாயினர். தென்மேற்குப் பருவக்காற்றினால் மேலைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே கீழைக் கடல் அமைந்து தெளிந்திருக்கும். அந்நாட்களிற் புறாத்தீவின் ஆழங்குறைந்த நீரிலே பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் கண்டு பலரும் மகிழ்கின்றனர். ஆனாற் பவளம் வெறுங்கல் அன்று. எண்ணிறந்த சிற்றுயிர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய மாளிகை அது. ஒரு பாதம் கணப்பொழுதில் முறிப்பதை அவை மீளக் கட்டுவதற்குப் பல்லாண்டுகள் செல்லும்.

பீரங்கிக்குத் தப்பிய தீவு, அதனை விரும்பி வருவோரின் காலடிக்கு இரையாதல் தகுமோ? அழகைக் காண வருபவன் அதனை அடுத்தவனுக்கும் விட்டுச் செல்லக் கடமைப்பட்டவன். நிலாவெளியின் அமைதியை முன்னர் இயற்கை காத்தது; இனி அதனைக் காக்க வேண்டுவது மனிதரின் அடக்கமேயாகும்.