பாம்புத்தோலும் பிறப்பு என்னும் வேலியும்

ஜோலார்பேட்டையிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக ரயிலில் போகிறவருக்குத் தோல் என்பது முதலில் நாற்றம். இங்கே வேலை செய்கிறவருக்கோ அது தரம். உண்ணி கடித்த தழும்பு, முள்கம்பி கிழித்த கோடு இருந்தால் ஆட்டுத்தோலுக்கு விலை இறங்கும். அதாவது, அந்த உயிர் வாழ்ந்ததன் தடயம் எல்லாம் குறை. இந்தப் பார்வையின் வரலாற்றைப் பாம்பை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தோல்ஷாப்புக்கும் பாம்புக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கலாம்.

இருக்கிறது. தமிழகத்திலிருந்து கப்பலேறிய தோல்களில் ஒரு காலத்தில் பாம்புத்தோலும் உண்டு. சாரை, நாகம் என்று பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். அவர்கள் கைக்கு வந்தது சொற்பக் காசு. ஆட்டுத்தோலில் குறையான கோடும் திட்டும் பாம்புத்தோலில் விலையாயின. காரணம் எளிது: ஆட்டின் தழும்பு வாழ்க்கை எழுதியது, பாம்பின் திட்டு பிறப்பு எழுதியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976-இன் ஏற்றுமதித் தடையும் அந்த வணிகத்தை நிறுத்தின. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோலுக்குப் பதில் நஞ்சு. எடுத்தபின் பாம்பு உயிரோடு காட்டுக்குப் போகிறது.

இதே காலத்தில் அமெரிக்காவில் பிறப்பின் எழுத்துக்கு வேறொரு சந்தை உருவாகிக்கொண்டிருந்தது. கார்ன் ஸ்னேக் நம்ம சாரையைப் போல எலி தின்னும், நஞ்சில்லாத பாம்பு. செம்மஞ்சள் உடலில் கருவிளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள். 1953-இல் வட கரோலினாவில் கறுப்பு நிறமியே இல்லாத ஆண் பாம்பு ஒன்று பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதன் வழியை வளர்த்து, 1961-இல் அதே நிறத்தில் குஞ்சுகளைப் பெற்றார். சாதாரணப் பாம்போடு சேர்த்தபோது முதல் தலைமுறை முழுக்கச் சாதாரணமாகவே தெரிந்தது. அந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தால்தான் நான்கில் ஒன்றாகப் பழைய நிறம் திரும்பும். நமது பாடநூல்கள் இதை ஒடுங்குபண்பு என்கின்றன. ஒடுங்கியது அழிந்ததல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தின் இடத்தை ஓசிஏ2 என்ற மரபணுவில் கண்டார்கள். மனிதரில் ஒருவகை வெண்தோல் நிலைக்கும் அதே மரபணுதான் காரணம்.

திட்டுகள் இணைந்து நீளக்கோடாகும் வகையும் ஒடுங்குபண்பே. கோடும் வேண்டும், கருமையும் கூடாது என்றால் இரண்டையும் மறைவாகச் சுமக்கும் பாம்புகளைச் சேர்க்கவேண்டும். 16 குஞ்சுகளில் ஒன்று தேறலாம். ஆகவே வளர்ப்பவர்கள் அண்ணன் தங்கையை, தாய் மகனைக்கூடச் சேர்க்கிறார்கள். வம்சாவளி எழுதி வைக்கிறார்கள். வெளிப்பாம்பு ஒன்று நுழைந்தால் ஒரே தலைமுறையில் கோலம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மாற்றத்தை இயற்கை தந்தது. அதைத் 'தூய வகை'யாக நிறுத்தி வைப்பது கூண்டின் கதவு.

சாதியின் சாரம் அகமணம் என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் நிறுவினார். உவமையை இதற்குமேல் நீட்டக்கூடாது. பாம்பின் விஷயத்தில் கதவுக்குள்ளே காப்பாற்ற ஒரு மரபணு மாற்றமாவது இருக்கிறது. சாதியில் காப்பாற்ற அப்படி ஒன்றும் கிடையாது. கதவு மட்டுமே இருக்கிறது. 'ரத்தத்துல இருக்குது சார்' என்று சொல்கிறவர், இப்போது அதையே 'ஜீன்ல இருக்குது' என்கிறார். சொல் மாறியிருக்கிறது, சொல்லாடல் மாறவில்லை.

தோலைத் தொட்டதால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் உழைப்பில் எழுந்தது இந்தத் தோல் பூமி. அவர்கள் கைகளில் சுண்ணாம்பும் குரோமியமும் அரித்த தழும்புகள் உண்டு. அவை வாழ்க்கை எழுதியவை, பிறப்பு எழுதியவை அல்ல. ஒடுங்குபண்பு தானாகத் திரும்பி வரும். சாதி தானாக வருவதில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் யாரோ கதவைச் சாத்தினால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும்.