நிழற்படத்தின் ஆக்கியோன் யார்?

நூலின் பாயிரம் உரைக்கும் செய்திகளுள் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தல் நம் இலக்கண மரபு. நூலுக்கு ஆக்கியோனை எளிதிற் காட்டலாம். ஒளியும் தகடும் மருந்தும் கூடி உருவாக்கும் நிழற்படத்திற்கு ஆக்கியோன் யாவன்? எடுத்தவனா, தகட்டுக்கு உரியவனா, பொருள் கொடுத்து எடுப்பித்தவனா? இவ்வினாவிற்குச் சட்டம் அளித்த விடைகள் காலந்தோறும் வேறுபட்டமையை ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தில் நிழற்படத்திற்குப் பதிப்புரிமை வழங்கியது 1862-ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டம் ஆக்கியோன் இன்னான் என வரையறுத்திலது. ஆகவே 1883-இல் வழக்கு எழுந்தது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் குழுவினரின் படமொன்றிற்கு நிழற்பட நிறுவன உரிமையாளர் தம்மையே ஆக்கியோராகப் பதிவு செய்திருந்தனர். படத்தை எடுத்தவரோ அவர்தம் ஊழியர். முதலீடு செய்தமையால் மட்டும் ஒருவர் ஆக்கியோர் ஆகார் என்பது மேல்முறையீட்டு மன்றத்தின் முடிபு.

அடுத்த ஆண்டு, 1884-இல், அமெரிக்க உச்சநீதிமன்றமும் இதனை ஆராய்ந்தது. ஆஸ்கார் வைல்டு என்னும் எழுத்தாளரை நெப்போலியன் சரோனி எடுத்த படத்தை, ஓர் அச்சு நிறுவனம் இசைவின்றி 85,000 படிகள் அச்சிட்டது. நிழற்படம் கருவியின் தொழிலேயன்றி ஆக்கமன்று என்பது அந்நிறுவனத்தின் வாதம். இருக்கும் நிலை, உடை, திரைச்சீலை, ஒளி நிழல் ஆகியவற்றைச் சரோனியே தம் கருத்திற்கேற்ப அமைத்தார் என்று காட்டி, அவரே ஆக்கியோர் என மன்றம் தெளிவுறுத்திற்று.

எனினும், 1911-இல் ஆங்கிலச் சட்டம் மீண்டும் பொருளையே பற்றி நின்றது. படம் எடுக்கப்பட்டபோது மூலத்தகடு எவர் உடைமையோ அவரே ஆக்கியோராகக் கருதப்பட்டார். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்நெறி இந்தியாவிற்கும் வந்தது. 1956-ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டமும் இதன் வழியதே. ஆனால் 1957-இல் இயற்றப்பெற்ற இந்தியச் சட்டம் அதனைப் பின்பற்றாது, படம் எடுப்பவரே ஆக்கியோர் என வரையறுத்தது. இங்கிலாந்து உடைமை நெறியைக் கைவிட்டதோ 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயாம். இவ்விடத்து நம் சட்டம் முந்தியமை கருதத்தக்கது.

ஆயினும் ஆக்கியோன் வேறு, உரிமையாளன் வேறு. பொருள் கொடுத்து ஒருவர் எடுப்பித்த படத்திற்கு, மாறான உடன்பாடு இல்வழி, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர் என்று அதே சட்டம் கூறுகின்றது. படத்தில் உருவாய் அமைந்தவர் அக்காரணம் பற்றியே உரிமை பெறுதல் இல்லை.

உரிமை பிறர்பாற் சென்றவிடத்தும் ஆக்கியோன் பெயர் பயனற்றுப் போவதில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் நிழற்படத்தின் உரிமைக்காலம் வெளியீட்டினின்று கணக்கிடப்பட்டது. அத்திருத்தத்தின்பின், ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. பெயர் தெரியாத படத்திற்கோ வெளியீட்டுக் காலமே எல்லை. ஆகலின் கல்வெட்டு, சுவடி, புலவர் உருவம் ஆகியவற்றின் படங்களை ஆய்வேட்டில் சேர்ப்போர், எடுத்தவர் பெயர், எடுப்பித்தவர் பெயர், எடுத்த ஆண்டு, வெளியிட்ட ஆண்டு ஆகிய நான்கினையும் குறித்தல் இன்றியமையாதது. பாயிரத்தில் ஆக்கியோனுக்கு இடம் வகுத்த மரபினர், படத்தின் கீழ் அவன் பெயரை விடுத்தல் முறையன்று.