ஆண்டானின் அச்சம்: ஈழத்துத் தமிழ் அரங்கில் அடிமையும் அதிகாரமும்

முன்னுரை

ஆண்டான் அடிமை மோதலை நாடகத்தில் ஆராய்வோர் பெரும்பாலும் யார் அடிக்கிறார், யார் அடிபடுகிறார் என்பதோடு நின்றுவிடுகின்றனர். அடிமை செய்யும் செயலுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. ஈழத்துத் தமிழ் அரங்கின் மூவகை நாடகங்களைக் கொண்டு இவ்வினா ஆராயப்படுகிறது.

1. சமூகப் பின்புலம்

ஒல்லாந்தர் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த நிலமே கொழும்பின் இன்றைய கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. சட்டப்படி அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. எனினும் யாழ்ப்பாணத்தில் சாதித் தொண்டூழியம் குடிமை என்ற பெயரில் அதன் பின்னும் நீடித்தது.

நாடகம் பார்க்க வந்த கொழும்பின் தமிழ்ப் பார்வையாளரும் ஒரே வர்க்கத்தினர் அல்லர். வெள்ளவத்தையில் உத்தியோகத்தர் குடும்பங்கள் மிகுதி. கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தை அண்டியது. முதலாளியும் கடைச் சிப்பந்தியும் மூட்டை சுமக்கும் நாட்டாமையும் அருகருகே வாழ்ந்த பகுதி. ஒரே நாடகத்தை இவர்கள் ஒரே கண்ணால் பார்த்திருக்க முடியாது.

2. அடிமையின் அறம்: மயான காண்டம்

காங்கேசன்துறை நடிகர் வி. வி. வைரமுத்து (1924–1989) ‘அரிச்சந்திர மயான காண்டம்’ நாடகத்தால் நாடறிந்தவர். அதன் உச்சக் கட்டத்தில், பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி சுடலைக்குக் கொண்டுவருகிறாள். அங்கே அடிமையாய்க் காவல் நிற்கும் அரிச்சந்திரனோ எசமானுக்குரிய கால் பணமும் முழத்துண்டும் இல்லாமல் பிணத்தைச் சுட விடமாட்டேன் என்கிறான். வந்தவள் மனைவி என்று தெரிந்த பின்னும் அவன் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கே எசமானின் வேலையை அடிமையே தன் அறமாக ஏற்றுச் செய்கிறான். சாட்டைக்குத் தேவையே இல்லை. மேலும், சுடலைக் காவலன் உண்மையில் அரசன் என்பதை அறிந்திருப்பதால்தான் அவையோர் கண்ணீர் விடுகின்றனர். பிறப்பிலேயே வெட்டியானாக இருந்தவனுக்காக இந்நாடகம் அழச் சொல்வதில்லை. முடிவில் அரசனுக்கு அரசு திரும்பக் கிடைக்கிறது. அடிமைமுறை அப்படியே இருக்கிறது.

3. அடிமையின் எழுச்சி: சங்காரம், கந்தன் கருணை

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தை நவீன மேடைக்கு ஏற்பச் செப்பனிட்டார். அவரது ‘இராவணேசன்’ (1964) நாடகத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, அதே வடமோடிக் கூத்தின் ஆட்டத்தைச் ‘சங்காரம்’ நாடகத்தில் வர்க்கப் போராட்டத்துக்குப் பயன்படுத்தினார். அரசர்க்குரிய வரவாட்டமும் வீரமும் அதில் உழைப்பாளர் தலைவனுக்கு உரியவையாயின. சாதியும் வர்க்கமும் அரக்கர்களாக மேடையேறி வீழ்ந்தன.

1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடத்திய ஆலயப் பிரவேசப் போராட்டத்தை என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ மேடைக்குக் கொண்டுவந்தது. அடிமை எனப்பட்டவர் தம் செயலுக்குத் தாமே பொருள் சொன்ன நாடகங்கள் இவை. ஆனால் ஒரு குறையும் உண்டு. அதிகாரத்தை அரக்கனாக்கினால், மேடையில் அவனை வெல்வது எளிதாகிவிடுகிறது. மனிதமுகம் கொண்ட எசமானோ தப்பிவிடுகிறான்.

4. ஆண்டானின் அச்சம்: யுகதர்மம்

க. பாலேந்திராவின் நெறியாள்கையில் இயங்கிய அவைக்காற்று கலைக் கழகம் 1978இல் தொடங்கியது. அது மேடையேற்றிய ‘யுகதர்மம்’, பெர்டோல்ட் பிரெக்ட்டின் நாடகமொன்றின் தமிழாக்கம். எண்ணெய் உரிமை பெற விரையும் வணிகன், சுமைகூலியுடன் பாலைவனத்தைக் கடக்கிறான். துப்பாக்கி முனையில் ஆற்றில் இறக்கப்பட்ட கூலியின் கை முறிகிறது. பின்னர் வழி தவறுகிறது; தண்ணீரும் தீர்ந்துவருகிறது. கூலி தன்னிடம் எஞ்சிய தண்ணீர்க் குடுவையை எசமானிடம் நீட்டுகிறான். அதைக் கல் என்று எண்ணி வணிகன் சுட்டுக் கொல்கிறான்.

கூலி குடுவையை நீட்டியதும் அன்பினால் அல்ல. எசமான் தாகத்தால் சாக, தான் மட்டும் உயிரோடு தண்ணீருடன் அகப்பட்டால் வழக்கு வருமே என்ற பயத்தினால். வணிகனுக்கும் பயம்தான்: இவ்வளவு கொடுமை செய்த தன்னைக் கூலி எப்படி வெறுக்காதிருப்பான்? நீதிபதி இதே தருக்கத்தை ஏற்று, எசமான் அஞ்சியது நியாயம், எனவே சுட்டது தற்காப்பு என்று அவனை விடுதலை செய்கிறார். கொடுமை கூடக் கூட அச்சம் நியாயமாகிறது. அச்சம் நியாயமானால் கொலையும் நியாயமாகிறது. செத்தவனின் செயலுக்குச் சட்டம் பொருள் சொல்லி முடித்துவிடுகிறது.

முடிவுரை

மயான காண்டத்தில் அடிமை தன்னைத் தானே கட்டிக்கொள்கிறான். சங்காரத்தில் கட்டை அறுக்கிறான். அந்தக் கட்டை நீதிமன்றம் எப்படி முடிச்சிடுகிறது என்று காட்டுவது யுகதர்மம். அதிகாரத்தை விளக்குவதில் மூன்றாவதே ஆழமானது.

அதன் தருக்கம் பாலைவனத்துக்கு மட்டும் உரியதன்று. கொழும்பில் ஒரு வீட்டில் நகை காணாமற் போனால், மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளையின் பைதான் முதலில் சோதிக்கப்படுகிறது. அவள் மௌனம் கள்ளத்தனம் என்றும், அழுகை நடிப்பு என்றும் பொருள் கொள்ளப்படும். அரங்கியல் பயிலும் மாணவர்கள் யுகதர்மத்தை அந்த வீட்டுக் குசினியில் வைத்து மறுபடி வாசிக்கட்டும். அடுத்த நாடகத்தை அவள் சொல்லும் பொருளிலிருந்து எழுதட்டும்.